நீ கேட்ட லேசான டிரில்

ஓசூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் இன்று பேட்டரி டிரில் ஒன்றைக் கையில் எடுத்தேன். பழைய கனத்தை எதிர்பார்த்துத் தூக்கிய கை, மேலே தொங்கிய பல்பை இடிக்கப் போனது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே, இப்போதெல்லாம் இப்படித்தான் வருகிறது என்று கன்னடத்தில் சொன்னார். டிரிலைச் சட்டென்று திரும்ப வைத்துவிட்டேன். வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்கு வந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நாம் இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே ஷிப்டில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கெலமங்கலம் பஸ் பிடித்துப் பாறை ஏறப் போய்விடுவோம். பெங்களூர்ப் பையன்கள் சிலர் கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கயிறு மாட்டுவதற்குப் பாறையைத் துளைத்து போல்ட் இறக்க நம்மிடம் இருந்தது உளியும் சுத்தியலும்தான். ஒரு துளை விழுவதற்குள் பாதி நாள் போய்விடும், தோள்பட்டை கழன்றுவிடும். அதனால்தான் சவுதியில் இருந்த உன் மச்சான் லீவில் வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பேட்டரி டிரில் என்றாய். ஊரெல்லாம் சென்ட் பாட்டிலும் டேப் ரெக்கார்டரும் கேட்கிற காலத்தில் உன் உம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மச்சான் இரண்டு மிஷின்களின் படம் அனுப்பினார். பெரியது வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அதில் அடி பலமாக விழும், சார்ஜும் நிற்கும். நீ சின்னதைத்தான் பிடித்துக்கொண்டாய். காலண்டர் மாட்ட ஆணி அடிக்கிற மிஷின் என்று நான் கிண்டல் செய்தேன்.

"ஒரு கையில பாறையப் புடிச்சிக்கிட்டு ஒரு கையில தொள போடணும். கீழ நிக்கிற உனக்கென்ன தெரியும்?" என்றாய். நியாயமாகத்தான் இருந்தது. சரி, சின்னதே வரட்டும் என்றேன்.

மிஷின் வந்தது. முதல் ஞாயிறே ஏறினாய். கீழே கயிறு என் கையில். இரண்டு போல்ட் இறக்கிவிட்டு இன்னும் மேலே போய் மூன்றாவது துளையைத் தொடங்கினாய். சட்டென்று சத்தம் நின்றது. பேட்டரி போச்சா, அப்பவே சொன்னேனே என்று நான் கத்தினேன். நீ நிதானமாகச் சொன்னாய்.

"பேட்டரி இருக்கு மாப்ள. வெரலு சுவிச்ச அமுக்க மாட்டேங்குது."

விளையாடுகிறாய் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால் உன் வலது கை வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. மிஷின் அதன் வாரில் ஆடிப் பாறையில் இடித்துக்கொண்டிருந்தது. கடைசி போல்ட் உன் காலுக்கு வெகு கீழே இருந்தது. ஒற்றைக் கையால் இறங்க முடியாது. பிடியை விட்டு அந்த போல்ட்டை நம்பி விழுவதுதான் ஒரே வழி.

"விட்டுடவா?" என்றாய்.

"விடு," என்றேன். கயிற்றை இறுக்கிப் பிடித்தேன்.

விழுந்தாய். கயிறு என்னைத் தரையிலிருந்து தூக்கிப் பாறையில் மோதியது. போல்ட் தாங்கியது.

கீழே வந்ததும் கையை நீட்டிக் காட்டினாய். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதையே இல்லை. குழி விழுந்திருந்தது. ஆறேழு மாதமாகவே இப்படித்தான், கனமானதைத் தூக்க முடியாது என்றுதான் சின்னதைக் கேட்டேன் என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன்னை அறைந்திருப்பேன். தெரிந்தே ஏறினாயா என்று கேட்டேன்.

"இப்ப ஏறாம எப்படா ஏறுறது?"

நரம்பு சம்பந்தப்பட்ட நோய், மருந்து இல்லை என்று பெங்களூரில் சொன்னார்கள். இரண்டு வருடத்தில் தண்ணீர் டம்ளரைக்கூட உம்மாதான் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் மூச்சும் விட முடியாமல் போனாய். உன்னை அடக்கம் செய்ய எடுத்துப் போன சந்தூக்குப் பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன். இன்று டிரிலைத் தூக்கிய கைபோலவே, கனத்தை எதிர்பார்த்த தோள் சும்மா மேலே போனது; உள்ளே நீ இருக்கிறாயா என்று திடுக்கிட்டுப் பக்கத்தில் பார்த்தேன். உன் மச்சான் என்னைப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தார்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். உயிரை என் கயிற்றில் கட்டத் துணிந்தவன், அந்தக் கையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அன்று பிடித்த பயம் போகவேயில்லை. யார் கை கொடுத்தாலும் என் விரல் தானாகப் போய் அவர்கள் கட்டைவிரல் இடுக்கைத் தொட்டுப் பார்க்கிறது. சதை இருந்தால்தான் எனக்கு மூச்சு வருகிறது. ஏன்பா எப்பவும் இப்படி அமுக்குகிறாய் என்று என் மகள் கேட்கிறாள். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.