வெள்ளையாக விட்ட முகம்

செவ்வாய், இரவு பத்தரை

பட்டுச்சேலைக்கு டிசைன் வரையும் அப்பாவிடம், வாடிக்கையாளர் அம்மா ஒருவர் மாதிரிக்காக ஒரு பழைய படத்தைக் கொடுத்திருக்கிறார். பிரெஞ்சு ஓவியர் ஒருவர் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டியது. ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. சாயங்காலம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் உள்ள சிறுமிக்கு மட்டும் வண்ணமே இல்லை. அப்பா டிசைன் போடும் கட்டத்தாளில் ஒரு கட்டம் வண்ணம் விட்டுப்போனால் தறியில் பூவே கெட்டுவிடும். பிரெஞ்சுக்காரருக்கே பிழை திருத்திய ஆரணி மேதை நான்தான் என்று சிரித்துக்கொண்டே, கலர் பென்சிலால் அவள் கன்னத்தை ரோஜா நிறமாக்கினேன்.

சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "அந்தப் படத்துல ஒரு பொண்ணு வெள்ளையா இருக்குதே, அது வரைஞ்சவரோட செத்துப்போன பொண்ணாம்டா. அதான் கலரே போடல. காலையில பத்திரமா திருப்பித் தரணும்."

"செத்தப்புறமும் சாப்பாட்டுக்குக் கூப்ட்டுகினு இருக்காரே!" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் தட்டோடு எழுந்துவிட்டேன்.

இப்போது ரப்பரோடு உட்கார்ந்திருக்கிறேன். படத்தில் மற்றவர்கள் தட்டைப் பார்க்கிறார்கள். அவள் என்னைப் பார்க்கிறாள். விடிந்ததும் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். அழிக்கத்தான் கை போகவில்லை. தொட்டால் அந்தக் கன்னம் சூடாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.