காரிலிருந்து கூப்பிடாதே

வில்லியனூர்

அன்பு மகள் சபிஹாவுக்கு அத்தா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஃபர்ஹீனும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம். தினமும் பேசுகிற மகளுக்குக் கடிதம் எதற்கென்று கேட்பாய். போனில் சொன்னால் கார் ஓட்டிக்கொண்டே கேட்பாய், சொல்ல வந்ததே அதைப் பற்றித்தான். உன் தம்பி அஷ்ரப் இதைப் படம் பிடித்து அனுப்புவான், வீட்டில் உட்கார்ந்து படி.

அவன் வாங்கிய புதுக் காரில் நம் கடைக் கல்லாப்பெட்டி அகலத்துக்கு ஒரு திரை இருக்கிறது. பாட்டு, மேப், ஏசி எல்லாம் அதைத் தொட்டால்தான். எட்டாவதோடு நின்ற எனக்கு அதுதான் ஒன்பதாம் வகுப்பு. ஏசியைக் குறைக்கப் போய் ரேடியோவைக் கூட்டிவிட்டு, இரண்டையும் சகித்துக்கொண்டு ஓட்டுவேன். செவ்வாய்க்கிழமை சரக்கு பார்க்கத் திருபுவனை போகும்போது நீ கூப்பிட்டாய். திரையில் பச்சைப் பொத்தானைத் தொட்டதும் கார் முழுக்க உன் ஸலாம். நான் பதில் சொன்னேன், உனக்குக் கேட்கவில்லை, எதையோ தொட்டு மைக்கை அணைத்திருக்கிறேன். நீ திரும்பத் திரும்ப ஸலாம் சொல்கிறாய். மகளின் ஸலாமுக்குப் பதில் போகாமல் இருக்கலாமா என்று நானும் திரையைக் குத்துகிறேன், குத்துகிறேன், நிமிர்ந்தால் கண்முன்னே கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவனின் பைக். பிரேக்கை மிதித்த மிதியில் அவனுக்கும் எனக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. இறங்கி வந்து, "இன்னா பெருசு, ரோட்ல போறியா, வூட்ல குந்திக்கினு டிவி பாக்குறியா?" என்றான். நீ அப்போதும், அத்தா கேக்குதா, கேக்குதா என்கிறாய்.

அன்றிலிருந்து உன் போனில் இண்டிகேட்டர் சத்தமும் ஹாரனும்தான் எனக்குக் கேட்கிறது. அதற்கு முந்தின வாரம் பேத்தி பின்சீட்டிலிருந்து, அம்மா பச்ச போட்டாச்சு போம்மா என்று கத்தினாளே, நாங்கள் சிரித்தோம். உன் அம்மா அதற்குப் பிறகுதான் மீன் குழம்புக் கதையை ஆரம்பித்தாள். ஸ்பீக்கரில்தானே பேசுகிறேன், கை ஸ்டியரிங்கில்தானே என்பாய். கை அங்கே இருந்து என்ன, மனசை நாங்கள் வில்லியனூருக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு அந்தக் காரை ஓட்ட மிச்சம் யார் இருக்கிறார்கள்?

வேலை, வீடு என்று உனக்குக் காலையில் கார் ஓட்டுகிற அந்த நேரம்தான் கிடைக்கிறது, தெரியும். இனி நீ காரிலிருந்து கூப்பிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னதும், "ஒரு நாளைக்கு ஒரு தபா எம்பொண்ணு கொரலக் கேக்குறேன், அதுவும் ஒங்களுக்குப் பொறுக்கலையா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு அவளே வந்து, கேக்காமலே இருந்துக்கறேன், புள்ளைங்க ஒழுங்கா போய்ச் சேரட்டும் என்றாள். சொல்லிவிட்டுப் போய், களைந்த அரிசியையே மறுபடியும் களைந்துகொண்டிருந்தாள்.

அல்லாஹ் உங்கள் மூவரையும் போக வரப் பாதுகாக்கட்டும், நீண்ட ஆயுளைத் தரட்டும். வெள்ளிக்கிழமை லீவில் சாப்பிட்டுவிட்டு, ஓரிடத்தில் உட்கார்ந்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு, மறக்காதே. மற்ற நாள் காலையில் கூப்பிட்டால் எடுக்க மாட்டோம், கோபித்துக்கொள்ளாதே. உன் அம்மா அந்த நேரத்துக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள், அது அடிக்கக் கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டு.

உன் அத்தா,
ஹமீது