வியாழக்கிழமை இரண்டு மணி

யாழ்ப்பாணம்
12.08.2023

மதிப்புக்குரிய நிரோஜா மேடத்துக்கு,

எமில்ராஜ் எழுதுகிறேன். நான் நலம், நீங்களும் பிள்ளைகளும் மெல்பேர்ணில் நலமாயிருக்க வேண்டும் என்று தொடங்குவதுதான் முறை, தொடங்கியாயிற்று. வாட்ஸ்அப்பில் உங்களிடம் பல தரம் ஒரே கேள்வியைக் கேட்டேன். ஒவ்வொரு தரமும் கைகூப்புகிற படம் ஒன்று வந்தது. அந்தப் படத்தை வைத்து என்னால் ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை. அதனால்தான் இந்த மின்னஞ்சல். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது. உங்கள் ஒரு வருட விடுமுறை ஒக்டோபரோடு முடிகிறது. வருகிறீர்களா, இல்லையா?

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. பயிற்றுநர் இல்லாத அலகுக்கு இனிப் பயிற்சி வைத்தியர்களை அனுப்ப மாட்டோம் என்று கொழும்பிலிருந்து சொல்லிவிட்டார்கள். நீங்கள் வந்தால் எங்கள் மனநல அலகு தப்பும். வராவிட்டால் அடுத்த வருடம் இங்கே இந்தத் துறையைப் படிக்க ஒரு காக்கைக் குஞ்சும் வராது. இப்போது மிஞ்சியிருப்பது இரண்டு பேர்: கடைசி வருடத்தில் நான், முதல் வருடத்தில் கீர்த்திகா. உங்களுக்குத் தெரியும், அவளுக்குச் சத்திரசிகிச்சைத் துறையே கிடைத்திருக்கும். உங்களைப் பார்த்துத்தான் இதற்கு வந்தவள். அவளுடைய அப்பா முத்துக்குமாரு மாஸ்டர் இன்னும் அதை மன்னிக்கவில்லை. உடுப்பிட்டியில் யாராவது கேட்டால், மகள் மூளைக்கு மேற்படிப்புப் படிக்கிறாள் என்கிறாராம்.

இடைக்காலத்துக்கு எங்களை மேற்பார்வை செய்யத் தெற்கிலிருந்து ஒரு மூத்த வைத்தியரைப் போட்டிருக்கிறார்கள். சூம் வழியாக, மாதம் ஒரு தரம். நல்ல மனிதர். பல ஊர்ப் பயிற்சி வைத்தியர்கள் பல சின்னப் பெட்டிகளுக்குள் இருக்கிறோம். கரண்ட் போனால் பெட்டியும் போய்விடும். ஆளைத் தேட மாட்டார்கள்.

உங்கள் வியாழக்கிழமை இரண்டு மணி சுவரில் ஒட்டின நேரசூசியில் இன்னும் இருக்கிறது. அறையும் இருக்கிறது. பயிற்சி வைத்தியர்களை நீங்கள் தனித்தனியாக இருத்திக் கதைக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றி முதல் வருடத்தில் கன்ரீனில் நான் அடித்த நக்கல் நினைவிருக்கிறதா? “நித்திரை கொண்டனியோ, சாப்பிட்டனியோ எண்டு கேக்கிறதுக்கு லண்டனுக்குப் போய்ப் படிக்கோணுமே? எங்கடை அம்மாவே கேப்பா” என்றேன். அது உங்கள் காதுக்கு வந்து, அடுத்த வியாழன் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னீர்கள்: “அம்மா கேட்டால் ஓம் எண்டு பொய் சொல்லுவாய், எமில். என்னட்டை ஏலாது. நான் கண்ணைப் பாத்துக் கேப்பன்.” கேட்டீர்கள். அன்றைக்கு நான் பொய்தான் சொன்னேன். பிடித்தும் விட்டீர்கள்.

இன்னொன்று. உங்கள் வெறும் அட்டை வழக்கமும் நின்றுவிட்டது. கிளினிக்குக்கு வருகிறவர்கள் குடித்து முடித்த மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து காட்டினால்தான் புது மருந்து எழுதுவீர்களே, அது. இப்போது தட்டுப்பாடு. அட்டை வருவதில்லை. பெரிய போத்தலில் வருகிறது. பாமசியில் கடதாசி உறைக்குள் போட்டுக் கொடுக்கிறார்கள். வெறும் உறையைக் கொண்டுவந்து காட்டி என்ன பயன்?

நேற்று சுன்னாகத்துக்குப் போய் உங்கள் அம்மா றோஸ் அன்ரியைப் பார்த்தேன். அவருடைய பிரஷர் என்னுடையதை விட நல்லாயிருக்கிறது. நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று அவரிடமும் கேட்டேன். கேக் வெட்டித் தந்தார்.

ஒரு சொல்லில் பதில் போதும்.

உங்கள் மாணவன்
எமில்ராஜ்


யாழ்ப்பாணம்
20.09.2023

அன்புள்ள மேடம்,

“யோசித்துக்கொண்டிருக்கிறேன் எமில், கொஞ்சம் பொறு” என்ற உங்கள் பதில் கிடைத்தது. பொறுத்திருக்கிறேன். இது வேறு விசயம்.

காங்கேசன்துறைப் பொடியன் சிவகரனை நினைவிருக்கும். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவன். முதல் தரம் வார்டுக்கு வந்தபோது பல நாள் ஒருத்தரோடும் கதைக்காமல் சுவரைப் பார்த்துக் கிடந்துவிட்டு, திடீரென்று ஒரு மத்தியானம் எழும்பி, “உந்தச் சாம்பாருக்கு ஆர் பொறுப்பு?” என்று கேட்டானே. வார்டே சிரித்தது. நீங்கள் போன பிறகு அவனைக் கீர்த்திகாதான் பார்த்துவந்தாள். அவன் இறந்துவிட்டான். தன் கையாலேயே. கிளினிக்குக்கு வந்து போன அதே கிழமையில்.

அவளுடைய குறிப்புகளை நான் எழுத்து எழுத்தாக வாசித்தேன். கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டிருக்கிறாள். குணம் காணவில்லை என்று இரண்டு தரம் மருந்தைக் கூட்டியிருக்கிறாள். நானாக இருந்தாலும் கூட்டியிருப்பேன். இதைச் சமாதானத்துக்காக எழுதவில்லை. சமாதானம் சொல்வதில் நான் எப்படி என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் காலத்தில், நோயாளி ஒருவர் இப்படிப் போனால், எட்டாம் நாள் அந்த வீட்டுக்குப் பயிற்சி வைத்தியரை நீங்களே காரில் கூட்டிக்கொண்டு போவீர்கள். அங்கே ஒன்றும் பெரிதாகக் கதைக்கிறதில்லை. பாயில் இருந்து, தருகிற தேத்தண்ணியைக் குடித்து, ஏசினால் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு எழும்புகிறது. திரும்பி வருகிற வழியில்தான் நீங்கள் கதைப்பீர்கள். என் முதல் நோயாளியின் எட்டுக்குப் போய் வரும்போது காரை ஒரு வயல் கரையில் நிற்பாட்டிவிட்டு, நான் அழுது முடியும் வரைக்கும் வெளியே நின்று வெங்காயப் பயிரைப் பார்த்தீர்கள்.

கீர்த்திகா தனியாகப் போனாள். இரண்டு பேரும் போனால் வார்டில் ஆர் இருக்கிறது? ஸ்கூட்டியில் போனாள்.

சிவகரனின் அம்மா மனோன்மணி ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். இடியப்பம் வைத்துச் சாப்பிடச் சொல்லி, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். எழும்புகிற நேரம் உள்ளே போய் ஒரு பால்மாத் தகர ரின்னைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்திருக்கிறார். “பிள்ளை, ஆஸ்பத்திரியிலை மருந்துக்குத் தட்டுப்பாடு எண்டு நீங்களும் பாவம் எவ்வளவு கஷ்டப்படுறியள். இது இவன்ரை. வீணாப் போகக்கூடாது. வேறை ஆரும் பிள்ளையளுக்குக் குடுங்கோ.”

ரின் நிறைய மாத்திரை. ஒன்றுகூட அவன் குடிக்கவில்லை, மேடம். அவள் கூட்டின மருந்தெல்லாம் அந்த ரின்னுக்குள்தான் கூடியிருக்கிறது.

காங்கேசன்துறை வீதி முழுக்க அது ஸ்கூட்டியில் குலுங்கிக்கொண்டு வந்ததாம். என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். “அண்ணை, இதை என்ன செய்யிறது? பாமசி திருப்பி எடுக்காது” என்றாள். நான் மருந்து அழிக்கிற நடைமுறையை விளக்கினேன். ஓம், அதைத்தான் செய்தேன். அந்த நேரம் என் வாயில் வந்தது அதுதான்.

பிறகு சூம். இந்த மரணத்திலிருந்து கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்லும்படி அந்த நல்ல மனிதர் கேட்டார். கீர்த்திகா சொன்னாள், ஆங்கிலத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல், படங்களோடு. மற்றப் பெட்டிகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். இவ்வளவு திறமாக அவள் ஒருநாளும் பேசினதில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி அனுப்பினாள். இன்னும் வரவில்லை.

அவளுக்கு ஒருதரம் போனில் கோல் எடுங்கள். என் கோலை எடுக்கிறாள் இல்லை. நான் நல்லாயிருக்கிறேன். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

எமில்


யாழ்ப்பாணம்
29.10.2023

அன்புள்ள மேடம்,

உங்கள் காரைப் பார்த்தேன். சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் நின்றது. பின் சீற்றைக் கழற்றிவிட்டு வெங்காய மூட்டை அடுக்கியிருந்தார்கள். முன் கண்ணாடியில் வைத்தியர் ஸ்ரிக்கர் இன்னும் ஒட்டினபடி இருக்கிறது. உங்கள் கார்தானா என்று நம்பாமல் கிட்டப் போய் நின்றேன். ஆழ்வாப்பிள்ளை என்கிற வியாபாரி, நான் ஏதோ குற்றம் பிடிக்க வந்தேன் என்று நினைத்து, “டொக்டரம்மாவின்ரை வண்டி, தம்பி. பூப்போலை வைச்சிருந்தவ. ஸ்ரிக்கரைக் கழட்டேல்லை, பொலிசு மறிக்கிறானில்லை” என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

அங்கிருந்து நேரே றோஸ் அன்ரியிடம் போனேன். வீட்டில் பெட்டி கட்டிக் கிடக்கிறது. பிரஷர் பார்க்கக் கையை நீட்டிக்கொண்டே சொன்னார்: “தம்பி, இனி நீ அவளைக் கேளாதை. அவளுக்கு இல்லையெண்டு சொல்ல வாய் வருதில்லை. நீ கேட்டு எழுதுற அண்டைக்கெல்லாம் அழுது கோல் எடுக்கிறாள்.” அவர் நல்லபடியாக உங்களிடம் வந்து சேரட்டும். குளிர் உடுப்பு இங்கேயே வாங்கிவிட்டார், எல்லாம் ஊதா நிறம்.

ஆகவே இனி வருகிறீர்களா என்று கேட்க மாட்டேன். உங்கள் பிள்ளைகளின் படிப்பு, மற்றக் காரணங்கள் எல்லாம் எனக்கு விளங்கும். விளங்குகிறது என்பதற்காகக் கோபம் இல்லை என்று அர்த்தம் இல்லை. கோபம் இருக்கிறது. அதை எங்கே வைக்கிறது என்றுதான் தெரியவில்லை. தாதி மரியரட்ணத்தின் மேல் கத்திவிட்டேன். பாவம், கட்டில் துணி மாற்றட்டுமா என்று மட்டும்தான் கேட்டார்.

அலகு மூடுபடுகிறது. வார்டு இருக்கும், நோயாளிகள் இருப்பார்கள், படிக்கிறவர்கள் இருக்க மாட்டார்கள். அடுத்த வருடம் என்னை வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். இவ்வளவும் ஒரு சின்ன மின்னஞ்சலில் வந்தது.

இப்போது கீர்த்திகா. போன ஞாயிறு உடுப்பிட்டிக்குப் போனேன். மாஸ்டர் கேற்றிலேயே மறித்து, “பிள்ளை சோதினைக்குப் படிக்கிறா, குழப்பப்படாது” என்றார். அயலுக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். நான் மறைத்துப் பேசவில்லை. உங்கடை மகள் படிக்கவில்லை மாஸ்டர், அவளுக்கு வருத்தம், வைத்தியம் வேணும் என்றேன். அவர் கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அது தெரியும், டொக்டர். ஆனா எங்கை கொண்டுபோறது?” என்றார்.

இந்தத் தீபகற்பத்தில் எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் வாசலில் இலக்கத் துண்டு கொடுக்கிறவனுக்கே அவளைத் தெரியும். போன மாதம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவள். கொழும்புக்குப் போகலாம் என்றேன். சூமில் கை தட்டினவர்களிடமா என்று அவள் கேட்டாள்.

ஓம், வெளியே வந்தாள். தலை வாரி, சட்டை மாற்றி, ஒரு ஆள் போலத்தான் இருந்தாள். மெலிந்துவிட்டாள். “என்னை அட்மிட் பண்ணவோ வந்தனீங்கள், அண்ணை? யன்னல் பக்கக் கட்டில் எண்டால் வாறன். ஆனா உந்தச் சாம்பாருக்கு ஆர் பொறுப்பு?” என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். முகம் போன போக்கை எழுத எனக்கு வராது.

என்ன செய்வதென்று தெரியாமல் நானே கேட்டேன்: நித்திரை கொள்ளுறியா, சாப்பிடுறியா? அவள் தலையாட்டினாள். “மேடம் மாதிரிக் கேக்காதேங்கோ. உங்களுக்கு அது வராது” என்றாள். உண்மைதான். அவள் அடுத்துச் சொன்னதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்: “மேடம் கேட்டால் சொல்லுவன்.”

இந்தக் கேள்விகளை நான் படித்திருக்கிறேன். சோதினையில் எழுதி முதல் பிரிவில் பாஸ் பண்ணியிருக்கிறேன். ஆனால் அவளுக்கு வேண்டியது கேள்வி அல்ல, கேட்கிற ஆள். அந்த ஆள் நீங்கள். அவள் திரும்பி வருகிற வழியில் தனியாக நிற்கிறாள், மேடம். அந்த ஸ்கூட்டியை விட்டு அவள் இன்னும் இறங்கவில்லை.

ஆகவே கடைசியாக ஒன்று. வருகிற வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அந்த அறையைத் திறந்து வைத்திருப்பேன். மாஸ்டரோடு கதைத்துவிட்டேன், பின் வாசலால் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். மடிக்கணினியை நீங்கள் இருக்கிற கதிரையிலேயே வைக்கிறேன். அங்கே ஏழரை மணியாகியிருக்கும், பிள்ளைகள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஒரு மணித்தியாலம். உங்களை இங்கே வரச் சொல்லவில்லை. வியாழக்கிழமையை மட்டும் கேட்கிறேன். இந்தக் கிழமைக்கு மட்டும் என்றாலும் சரி.

அவள் வருவாளா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஓம் என்று சொன்னாள். அவளுடைய ஓம் இப்போது எவ்வளவு பெறும் என்று எனக்குத் தெரியாது.

சிவகரனின் பால்மா ரின் இன்னும் அழிபடவில்லை. அதற்குக் கையெழுத்து வைக்க வேண்டியவர் பயிற்றுநர், அப்படி ஒருவர் இல்லை. அலுவலகத்தில் கிடக்க வேண்டாம் என்று என் குவாட்டர்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டேன். படுக்கிற அறையில், மேசையில் இருக்கிறது.

வியாழக்கிழமை அவள் வரவில்லை என்றால் உடனே அழைப்பைத் துண்டித்துவிடாதீர்கள். அறையில் நான் இருப்பேன். நித்திரை, சாப்பாடு இரண்டையும் என்னிடம் கேளுங்கள். கண்ணைப் பார்த்துக் கேளுங்கள். அதற்குப் பிறகு, அந்த ரின் எங்கே என்று கேளுங்கள்.

பொய் சொல்ல மாட்டேன்.

எமில்