துண்டுக்குள் வராத கை

அப்பா,

மாங்காய்ப் பால் பட்ட கறை எத்தனை முறை துவைத்தாலும் போகாது. இன்று காலை அம்மா பெட்டியிலிருந்து உங்கள் பச்சைத் துண்டை எடுத்து உதறினார். கறையோடு வாசனையும் அப்படியே இருந்தது. பழக்கூழ் ஆலைக்குக் காய் பிடிக்கும் ஏஜென்ட் மாமா வருவதாகச் சொல்லியிருந்தார். இந்த வருடமும் காய் விலை போகவில்லை என்றால் மரங்களை அறுத்துவிடலாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். அதனால் அம்மா அந்தத் துண்டைக் கட்டிலில் விரித்து, மடித்து, மறுபடி விரித்தபடியே இருந்தார்.

அந்தத் துண்டுக்கு அடியில் நீங்களும் மாமாவும் விரல் பிடித்து விலை பேசுவீர்கள். வாய் மழையைப் பற்றிப் பேசும். விலை கைகளுக்கு மட்டும்தான் தெரியும். கை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு யார் கூடுதலாகக் கேட்டு வந்தாலும், "கை குடுத்தாச்சுங்க" என்று டீ கொடுத்து அனுப்பிவிடுவீர்கள்.

போன வருடம் நீங்கள் கை கொடுத்த பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. கூழ் வாங்கும் நாடு இறக்குமதி வரியை ஏற்றிவிட்டது. ஆலை கொள்முதலை நிறுத்தியது. நீங்கள் மருந்தடிக்கும் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை உரக்கப் படித்தேன்.

"ரெண்டு நாட்டு ஆளுங்களும் உக்காந்து பேசித் தீத்துக்க வேண்டியதுதானே?" என்றீர்கள்.

"பேசறவங்க இஷ்டத்துக்கு எறங்கி வர முடியாதுப்பா. அவங்க நாட்டுச் சட்டம் எவ்வளவு விடுதோ அவ்வளவுதான். ஒத்துக்கிட்டு வந்தாலும், அவங்கவங்க ஊர்ல சட்டப்படி உத்தரவு போட்டாத்தான் வரி கொறையும்."

"நம்மாளுங்களும் அப்படித்தானா?"

"ஆமாப்பா."

டேங்கைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். "அப்ப அந்தத் துண்டுக்குள்ள ரெண்டு கை இல்ல கண்ணு, நாலு கை கெடக்குது. எந்த விரலப் புடிக்கிறது?"

நானும் சிரித்தேன். அடுத்த வாரம் பெங்களூர் வியாபாரி லாரியோடு வந்தார். அவரையும் டீ கொடுத்து அனுப்பினீர்கள். "ஆலக்காரன் வாங்கமாட்டேங்கறான், நீங்க யாருக்குங்க வாக்கக் காப்பாத்தறீங்க?" என்று அம்மா சத்தம் போட்டார். "அவன் மாத்துனா அவன் பாடு. நான் மாத்துனா என் பாடு" என்றீர்கள். காய் பழுத்து உதிர்ந்தது. தோட்டம் முழுக்க ஈ.

ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். தருமபுரி மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனோம். நீங்கள் திரும்பி வரவில்லை. அந்தக் காய்களால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வாசனை வரும்போதெல்லாம் எனக்கு ஆஸ்பத்திரி வராண்டா ஞாபகம் வந்துவிடுகிறது.

இன்று மாமா வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அம்மா துண்டை அவர் பக்கம் நகர்த்தினார். பெண்கள் துண்டுக்குள் கை விட்டு நம் ஊரில் நான் பார்த்ததில்லை. அம்மா விடத் தயாராக இருந்தார்.

"இந்த வருசம் துண்டு வேணாங்க அக்கா," என்றார் மாமா. "அந்த நாட்டு கோர்ட்ல வரி மேல கேஸு ஓடுது. டெல்லியில பேச்சு ஓடுது. இன்னைக்கு வெல சொல்லிட்டுப் போனா, போன வருசமாட்டம் நான் பொய்யனா நிக்கணும்."

"அப்ப எதுக்குங்க வந்தீங்க?"

"அண்ணன் இருந்த வூடு. வராம இருக்க முடியலீங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீதான் பேப்பரெல்லாம் படிப்பியே கண்ணு. எப்ப முடியும்னு போட்டிருக்குதா?"

வரியை ஏற்றும் அதிகாரம் அங்கே எந்தச் சட்டத்தில் இருக்கிறது, நீதிமன்றத்தில் எதைக் கேட்கிறார்கள், நம் அதிகாரிகள் ஏன் எதையும் உடனே ஒப்புக்கொள்ள முடியாது, எல்லாம் எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் எப்போது என்று கேட்டார்.

"இல்லீங்க மாமா," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார். அம்மா பெரியப்பாவுக்கு போன் போட்டு, "ஆடி வரைக்கும் பொறுங்க" என்று மட்டும் சொன்னார். வெளியே பிஞ்சுகள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன. அவற்றுக்கு எந்தச் செய்தியும் எட்டாது.

துண்டு கட்டிலிலேயே கிடந்தது. அம்மா அடுப்படிக்குப் போனதும் அதற்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே வெதுவெதுப்பாக, இருட்டாக இருந்தது. கை கொடுத்தால் கொடுத்ததுதான் என்பதை உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், அப்பா. யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.