வட்டியில் வந்த சிலிண்டர்

வெள்ளிக்கிழமை இரவு, பட்டினப்பாக்கம்

காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் காசுக்காக அம்மா வீங்கிய காலோடு சாயங்காலமும் மீன் விற்கக் கூடையைத் தூக்கினாள்.

"வேணாம்மா, சிலிண்டருக்கு நான் கட்டிட்டேன்."

"ஏதுடி துட்டு?"

"ஸ்டேபிள்காயின் வட்டி."

சப்டைட்டில் எழுதிச் சம்பாதித்ததை, டாலர் மதிப்பிலேயே நிற்கும் அந்த டிஜிட்டல் காசாக, வட்டி தரும் ஓர் ஆப்பில் சேர்த்து வருகிறேன். டுபாக்கூர் என்று அம்மா திட்டாத நாளில்லை.

"அப்போ நீ போட்ட காசு?"

"அப்டியே கீதும்மா."

வட்டி பேங்கில் வந்து விழுந்ததைப் போனில் காட்டினேன். கூடையை இறக்கிவிட்டாள். சிலிண்டர் வந்ததும் கூடையிலிருந்த சங்கரா மீனை எங்களுக்கே வறுத்தாள்.

"நாளிக்கும் சாயங்காலம் கடை கெடையாது, போ!"

அந்த ஆப்பை ஒருநாள் மூடிவிட்டால்... இருக்கட்டும். இன்று ஜெயித்தது நான்தான். அம்மா காலை நீட்டித் தூங்குகிறாள்.