குடிப்பது நான்தான் என்று நினைத்துவிட்டார்கள்

ஏங்க, சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். நேற்றுக் கோபத்தில் நான் போட்டு உடைத்த பாட்டிலின் சில்லு இன்னும் தரையில் கிடக்கும். செருப்புப் போட்டுக்கொண்டு நடங்கள்.

குடியை விட நினைப்பவர்கள் கூடும் இடம் நம் தெரு நூலகத்து மாடியிலேயே இருக்கிறது. உங்களைக் கூப்பிடும் முன் போன வாரம் நானே போய்ப் பார்த்தேன். குடிப்பது நான்தான் என்று நினைத்து, கிரீஸ் கையோடு ஒரு மெக்கானிக், "வாங்கக்கா, இங்க யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று டீ கொடுத்தார். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அழுதுவிட்டேன்.

இன்று ஆறு மணிக்குக் கூட்டம். தையல் கடையிலிருந்து நேரே வந்து நூலக வாசலில் நிற்பேன். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுங்கள்.

பி.கு.: நீங்கள் வராவிட்டாலும் நான் உள்ளே போய் உட்காருவேன். என்னிடம் அப்படிப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?