சனிக்கிழமைக்குள் என் மகளின் பேனரை அகற்றக் கோருவது

அனுப்புநர்
கோ. சிங்காரம் (வயது 47),
மீன்பிடித் தொழில்,
நடுத்திட்டுக்குப்பம்,
பழவேற்காடு அஞ்சல்,
பொன்னேரி வட்டம், திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு வட்டாட்சியர் அவர்கள்,
வட்டாட்சியர் அலுவலகம்,
பொன்னேரி.

பொருள்: நடுத்திட்டுக்குப்பம் பேருந்து நிறுத்தத்தில் முன் அனுமதியின்றி வைக்கப்பட்டுள்ள, என் மகளை வாழ்த்தும் பேனரை 15.11.2025 சனிக்கிழமை மாலைக்குள் அகற்றக் கோருதல் – மனுதாரர் பெயரை ஊரில் வெளியிட வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அதற்குமேல் ஏரி கூப்பிட்டது என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் கணக்குப் பாடம் துரத்தியது. தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவரிடம் போயிருக்கலாம். அவர் என் மனைவிக்குத் தூரத்து உறவு. எழுதி முடிப்பதற்குள் விஷயம் ஊருக்குப் போய்விடும் என்பதால் நானே எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

1. எங்கள் ஊருக்குள் பேருந்து வராது. பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்தில் வந்து, சாலை வளைவில் இறங்கி நடக்க வேண்டும். அந்த வளைவில் இரண்டு சவுக்குக் கம்பம் நட்டு, இருபது அடி அகலத்துக்கு ஒரு பேனர் கட்டியிருக்கிறார்கள். இறங்குகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். "உலகை வெல்லப் பறக்கும் எங்கள் ஊர்ப் பெண்புலியே, வென்று வா!" என்று அதில் இருக்கிறது. விமானத்தின் இறக்கைமேல் ஹாக்கி மட்டையோடு ஒரு பெண் நிற்கிறாள். அவள் என் மகள் மோகனப்பிரியா, வயது பத்தொன்பது. படத்தை இடம் வலமாகத் திருப்பிவிட்டதால் மட்டை இடக்கைக்குப் போய்விட்டது. ஹாக்கியில் இடக்கை மட்டையே கிடையாது என்று மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கீழே வட்ட வட்டமாக இரண்டு கட்சிகளின் உள்ளூர்ப் பொறுப்பாளர்கள், ஊர்த் தலைவர் தனக்கோடி, இளைஞர் மன்றத்தார் முகங்கள். வலது ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்டிருப்பவர் இந்த மனுதாரர். கண்ணாடி என்னுடையதல்ல. பழவேற்காட்டில் பிளக்ஸ் அடிக்கும் முஹ்சின் தம்பி கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டது. பிறகு கேட்டதற்கு, "கண்ணு சின்னதா கீது அண்ணே, கண்ணாடி போட்டா கொஞ்சம் வெயிட்டா தெரியும்" என்றார். ஆகவே இந்தப் புகாரில் நானும் ஒரு எதிர்மனுதாரன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. என் மகள் பொன்னேரிப் பள்ளியில் மட்டை பிடித்து, விளையாட்டு விடுதியில் சேர்ந்து, மாநில அணிக்கு ஆடி, இந்திய இளையோர் மகளிர் அணிக்கான பெங்களூர் முகாம் வரை போனவள். தடுப்பாட்டக்காரி. எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தால், முகத்துக்கு மூடி மாட்டிக்கொண்டு கோலிலிருந்து முதல் ஆளாகப் பந்தை நோக்கி ஓடுவது இவள் வேலை. அப்படி வரும் பந்தைக் கண்டால் விலகுவதுதான் என் போன்றவர்கள் வழக்கம். இந்தக் குணம் அவள் அம்மா ராஜாத்தி பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.

சென்ற மாதக் கடைசியில் மகள் போன் செய்து, "நைனா, கடைசி இருபது பேர்ல நான் இருக்கேன்" என்றாள். வெளிநாட்டில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்கு. அப்போது நான் மீன் ஏலத்தில் நின்றிருந்தேன். "எம் பொண்ணு இந்தியா டீமு!" என்று கத்தியதில் ஏலம் நின்றுவிட்டது. மன்றத் தலைவர் தீனா என் தங்கை மகன். மறுநாள் விடிந்தபோது பேனர் நின்றது. நான் கேட்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதன்முன் நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன். "பிரியாவுக்கு யாரும் அனுப்பாதீங்க, கப்போட வந்து இறங்கறப்ப பாக்கட்டும்" என்று தீனா தடை போட்டதால் மகளுக்கு இன்றுவரை பேனர் விஷயம் தெரியாது.

3. சென்ற சனிக்கிழமை மறுபடி போன் வந்தது. இருபது பேரில் பதினெட்டுப் பேர்தான் விமானம் ஏறுவார்களாம். மீதி இரண்டு பேர் மாற்று ஆட்கள், வீட்டில் இருக்க வேண்டும். கிளம்புவதற்குள் யாருக்காவது அடிபட்டால் கூப்பிடுவார்கள். என் மகள் அந்த இரண்டு பேரில் ஒருத்தி. வேறு யாருடைய சேதியையோ வாசிப்பதுபோல் சொன்னாள். நான் "சாப்டியாமா?" என்றேன். "இன்னா நைனா நீ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு நடுவில் நின்றுவிட்டது. பிறகு சொன்னாள்: "ஊர்ல யார்கிட்டயும் சொல்லாத. வர்ற சனிக்கிழம நான் வந்து நானே சொல்றேன். நீ சொன்னா பாதியிலயே அழுதுடுவ." அது உண்மைதான்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. படகில் உட்கார்ந்தால் கரைக்கு வரத் தோன்றுகிறது, கரைக்கு வந்தால் அந்த வளைவுக்குப் போகத் தோன்றுகிறது. நான் அடிக்கடி போய்ப் பார்ப்பதை ஊரார் பெருமை என்று நினைக்கிறார்கள்.

4. நானே அகற்ற எடுத்த முயற்சிகள் பின்வருமாறு. நேராகக் கழற்றச் சொன்னால் காரணம் கேட்பார்கள். காரணம் என்னுடையதல்ல, என் மகளுடையது. அதனால் வெயிலில் சாயம் போய்விடும் என்று தீனாவிடம் சொன்னேன். "இது ஸ்டார் பிளக்ஸு மாமா, உன் ஆயுசுக்கும் தாங்கும்" என்றான். வாடைக்காற்றில் பிய்த்துக்கொள்ளும் என்றேன். சாயங்காலமே காற்று போக அங்கங்கே ஓட்டை போட்டு, படகுக் கயிற்றால் இன்னும் நாலு கட்டுக் கட்டினார்கள். வண்டிக்காரர்களுக்கு வளைவு தெரியவில்லை என்றேன். சீரியல் பல்பு மாட்டிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கத் திறக்க பேனருக்குப் பலம் கூடுகிறது என்று தெரிந்து பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

நேற்று விடிகாலையில் வலை அறுக்கும் கத்தியோடு கம்பத்தில் ஏறினேன். அந்த நேரம் பார்த்துத் தலைவர் தனக்கோடி வந்துவிட்டார். "இன்னாடா சிங்காரம், மேல இன்னா பண்ற?" என்றார். "புள்ள மூஞ்சில காக்கா எச்சம் தலைவரே, தொடைக்கிறேன்" என்றேன். "அப்படியே என் மூஞ்சியும் தொடச்சிடு" என்று கீழே நின்றுகொண்டார். துடைத்துவிட்டு இறங்கினேன்.

5. பொதுமக்களுக்கு இடையூறு இருந்தால் நடவடிக்கை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதால் இதையும் குறிப்பிடுகிறேன். பேனர் வளைவை மறைப்பதால் கடந்த வாரம் இருசக்கர வாகனம் ஒன்று சறுக்கி விழுந்தது. ஓட்டியவர் பேனரில் இருந்த தன் படத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார் என்பதும் உண்மை. முட்டியில் சிராய்ப்பு. பெட்டியிலிருந்த நண்டுகள் சாலையெல்லாம் ஓடின. அந்த நபர் நானே. வேண்டுமானால் முட்டியைக் காட்டத் தயார்.

6. இதை எழுதலாமா என்று தெரியவில்லை. மனு என்றால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் தனியாக வலை இழுக்கும்போது, அந்தப் பதினெட்டில் ஒரு பிள்ளைக்கு லேசாகக் கால் சுளுக்கினால் போதுமே என்று நினைத்தேன். பெரிதாக ஒன்றும் வேண்டாம், நாலு நாள் வீக்கம் போதும் என்று சாமியிடம் பேரம் பேசுகிற அளவுக்குப் போய்விட்டேன். பிறகுதான் உறைத்தது. அந்தப் பிள்ளையும் மூடியை மாட்டிக்கொண்டு ஓடுகிற பிள்ளைதான். அதற்கும் ஏதோ ஒரு ஊரில் என்னைப்போல ஒரு அப்பன், கூலிங் கிளாஸோடு ஒரு பேனரில் நிற்பான். ராஜாத்தியிடம் சொன்னேன். "அவ வர்றதுக்குள்ள அந்தக் கம்பத்தக் காலி பண்ற வழியப் பாருய்யா, சாமிகிட்ட அப்புறம் பேசலாம்" என்றாள். அதன்பிறகே தங்களிடம் வருகிறேன்.

7. என் மகளுக்குத் தோற்றுப்போன வருத்தம் இருக்கும், அதை அவள் பார்த்துக்கொள்வாள். ஆனால் தானே சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வருகிறவள், பேருந்தை விட்டு இறங்கியதும் விமான இறக்கையில் தானே நிற்பதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விடுவாள். நான் அவளை அறிவேன். ஆகவே கோருவது:

அ) மேற்படி பேனரைச் சனிக்கிழமை மாலைக்குள் அகற்ற வேண்டும். பேருந்து நாலரைக்கு வரும்.

ஆ) ஒன்றை மட்டும் எடுத்தால் சந்தேகம் வரும். அதே வளைவில் உள்ள காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, பிறந்தநாள் பேனர்களையும் சேர்த்து எடுக்க வேண்டும். காதணி விழா என் மைத்துனன் வீட்டுடையது. தயங்க வேண்டாம்.

இ) அகற்றியதை அங்கேயே போட்டால் யாராவது கோழிக் கூண்டுக்குக் கூரை போட்டுவிடுவார்கள். என் மகள் முகம் வானத்தைப் பார்த்துக் கிடக்கும். படம் உள்பக்கமாகச் சுருட்டி எடுத்துச் செல்ல வேண்டும்.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். பெயரை மறைத்தால் யார் புகார் என்று விசாரிக்க ஆள் வர வேண்டியிருக்கும், இரண்டு கட்சிக்காரர்களும் தடுப்பார்கள், அதற்குள் சனிக்கிழமை போய்விடும் என்று தோன்றுகிறது. எனவே பொருளில் கேட்ட இரண்டாவது கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். வேறு தாள் வாங்கி வராததால் அடிக்காமல் விட்டிருக்கிறேன். பெண்ணைப் பெற்றவனே எழுதிக் கொடுத்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். என் கையெழுத்தையும் காட்டலாம். சொந்த மகள் பேனரையே இறக்கியவன் என்று ஊர் பேசும், தீனா சில நாள் முகம் கொடுக்க மாட்டான். பரவாயில்லை.

ஏன் என்று கேட்டால் மட்டும் தாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். நானும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவள் சனிக்கிழமை வருகிறாள். தங்களிடம் ஆளோ வண்டியோ இல்லையென்றால், அகற்றலாம் என்று ஒரு வரி எழுதி முத்திரை வைத்துத் தந்தால் போதும். பகலில், எல்லோரும் பார்க்க, நானே ஏறி இறக்கிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்காக வராந்தாவிலேயே காத்திருக்கும்,
கோ. சிங்காரம்
(மோகனப்பிரியாவின் தகப்பன்)

இடம்: பொன்னேரி
நாள்: 12.11.2025